புதுப்பிப்பு: கடலூர் நோயாளி, புதுச்சேரி மருத்துவமனை, புகார் எங்கே?

கடலூர்க்காரர் புதுச்சேரியில் தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, அதில் அலட்சியம் நடந்தால் வழக்கை எங்கே போடுவது என்ற கேள்வி முந்தைய பதிவில் நின்றது. 2019 நுகர்வோர் சட்டப்படி, குடியிருக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கெடு 2 ஆண்டு. கட்டிய பில் 50 லட்சத்தைத் தாண்டக் கூடாது. கேட்கும் இழப்பீட்டுத் தொகை இதில் சேராது. பில் 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணமே கிடையாது.

மருத்துவர்களைப் பதிவு செய்யும் மருத்துவ கவுன்சில் கதை வேறு. மருத்துவர் பதிவு செய்திருக்கும் கவுன்சிலில்தான் மனு. புதுச்சேரியில் பார்ப்பவர் தமிழ்நாட்டுப் பதிவில் இருக்கலாம். மருந்துச் சீட்டில் பதிவு எண்ணைப் பாருங்கள். கவுன்சில் எச்சரிக்கும், பெயரை நீக்கும். பணம் வாங்கித் தராது.

இரண்டுக்கும் முன்னால் கேஸ் ஷீட், அதாவது முழு சிகிச்சைப் பதிவு. எழுத்தில் கேளுங்கள், அந்தக் கடிதத்தின் நகலில் சீல் வாங்குங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது மருத்துவ கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. எந்த நேரத்தில் என்ன நடந்தது என்பது செவிலியர் சார்ட்டிலும் மயக்க மருந்துக் குறிப்பிலும்தான் இருக்கும்.

நேரே காவல் நிலையம் போவதில் பெரும்பாலும் பயனில்லை. உச்ச நீதிமன்றத்தின் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி கடும் அலட்சியம் என்று காட்ட வேண்டும். வழக்கைத் தொடரும் முன் வேறொரு மருத்துவரின், முடிந்தால் அரசு மருத்துவரின், கருத்தைக் காவல்துறை பெற வேண்டும்.