முன்கள ஆட்டத்துக்கு ‘நிரப்பிணை’: ஒரு சொல் பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம். கால்பந்தில் முன்களத்தில் சேர்ந்து கோலடிக்க முயலும் இரண்டு தாக்காளர்களின் இணைக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். அதற்கு வரக்கூடிய மாற்றுக் கருத்துகளை மேற்கோளாகத் தந்து, ஒவ்வொன்றுக்கும் கீழே என் பதிலை எழுதுகிறேன்.

> ‘இரட்டைத் தாக்காளர்’ என்றாலே எல்லாருக்கும் புரியுமே?

புரியும். ஆனால் அது எண்ணிக்கையை மட்டும்தான் சொல்கிறது. முன்களத்தில் நிற்கும் இருவரும் ஒரே வகை ஆட்டக்காரர்களாக இருந்தால் ஒரே இடத்துக்கு ஓடுவார்கள், ஒரே மாதிரிப் பந்துக்குக் காத்திருப்பார்கள். எதிரணியின் சென்டர் பேக்குகளுக்கு (கோலுக்கு முன் நடுவில் நின்று காப்பவர்களுக்கு) அதைவிட வசதி வேறில்லை. ஒருவரிடம் இல்லாததை மற்றவர் கொண்டுவருகிறார் என்பதைச் சொல்லும் பெயர்தான் நமக்கு வேண்டும்.

களத்தில் நடப்பது இது. ஒருவர் நடுக்களத்தை நோக்கி இறங்கி வந்து பந்து கேட்கிறார். அவரைக் காக்கும் சென்டர் பேக் உடனே முடிவெடுத்தாக வேண்டும். பின்னாலேயே வந்தால் அவர் விட்டுவந்த இடம் காலி, இன்னொருவர் அங்கே பாய்ந்துவிடுவார். வராமல் நின்றால், இறங்கியவர் நெருக்கடியே இல்லாமல் பந்தோடு கோலை நோக்கித் திரும்பிவிடுவார். எதைச் செய்தாலும் நட்டம்தான். ஒருவர் இறங்குவதும் மற்றவர் பாய்வதும் ஒரே கணத்தில் நடப்பதால் வரும் சிக்கல் இது. பாய்பவர் கொஞ்சம் முந்தினால் ஆஃப்சைடு என்ற விதிமீறல், பிந்தினால் இடம் அடைபட்டுவிடும்.

> ‘தலைமைத் தாக்காளர், துணைத் தாக்காளர்’ என்று பிரிக்கலாம்.

‘துணை’ இங்கே வேண்டாம் என்று நினைக்கிறேன். 1999-2000 பருவத்தில் இங்கிலாந்தின் சண்டர்லாந்து அணியின் நயல் குவினும் கெவின் பிலிப்சும் ஆடியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறடி நான்கங்குல குவின் நீண்ட பந்துகளைத் தலையால் தட்டி இறக்குவார். பந்து எங்கே விழும் என்று கணித்துப் பிலிப்ஸ் முன்கூட்டியே ஓடியிருப்பார். லீக்கில் பிலிப்ஸ் அடித்தது 30 கோல், குவின் 14. தட்டிக்கொடுப்பவரும் கோலடிப்பவர்தான். 2008-09 பருவத்தில் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பண்டஸ்லிகாவில் பட்டம் வென்ற வூல்ஃப்ஸ்பர்க் அணியில் இது இன்னும் தெளிவு: கிராஃபிட்டே 28 கோல், ஜெக்கோ 26. கெர்ட் மியூல்லரும் ஊலி ஹோனசும் 1971-72இல் சேர்ந்து அடித்த 53 கோல் என்ற பண்டஸ்லிகா சாதனையை முறியடித்த இந்த இணையில் யாரைத் துணை என்பது?

> ‘தோழமை இணை’?

அழகான சொல், பொருந்தவில்லை. ஆண்டி கோலும் டெடி ஷெரிங்கமும் மான்செஸ்டர் யுனைடெட்டில் ஒன்றாக ஆடிய காலத்தில் பேசிக்கொள்வதே இல்லை என்று கோலே பின்னர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சேர்ந்து ஆடுவதற்கு நட்பு ஒரு நிபந்தனை அல்ல.

அதே ஆண்டி கோல் இன்னொருவரோடு ஆடியதைத்தான் நம் சொல்லுக்கு உண்மையான சோதனையாக வைக்கிறேன். 1998 ஆகஸ்டில் ஆஸ்டன் வில்லாவிலிருந்து டுவைட் யார்க் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வருகிறார். நவம்பர் 25 அன்று பார்சிலோனாவின் கேம்ப் நூ அரங்கில், சக வீரர் ரோய் கீன் கொடுத்த பந்து யார்க்கிடம் வருகிறது. அவர் தொடவே இல்லை, தன்னைக் கடந்து போக விட்டுவிடுகிறார். பின்னால் நின்ற ஆண்டி கோல் அதை வாங்கி யார்க்கிடம் தள்ள, யார்க் உடனே திருப்பித் தர, ஆண்டி கோல் வலைக்குள் அடிக்கிறார். இதில் பந்தைத் தாங்கிக் கொடுத்தவர் யார், பாய்ந்தவர் யார்? சில நொடிகளுக்குள் வேலை கைமாறிவிட்டது. அந்தப் பருவத்தில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து யார்க் அடித்தது 29 கோல், ஆண்டி கோல் அடித்தது 24. நான் முதலில் எழுதிவைத்திருந்த ‘தாங்கி–பாய்வான் இணை’ குவினுக்கும் பிலிப்சுக்கும் சரியாக இருந்தாலும் இவர்களிடம் நிற்காது. வேண்டுமானால் உள்வகையின் பெயராக அதை வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே நான் பரிந்துரைப்பது: நிரப்பிணை. பள்ளிக் கணக்கில் நிரப்புக் கோணங்கள் படித்திருப்போம். ஒன்று 60 பாகையானால் மற்றது 30, இது 40 ஆனால் அது 50. ஒவ்வொன்றும் மற்றதற்கு நிரப்பு, கூட்டுத்தொகை மட்டும் மாறாது. யார்க்–கோல் ஆட்டம் அப்படியே இதில் அடங்கிவிடுகிறது. இலங்கை நாளிதழ்கள் கிரிக்கெட்டுக்கு எழுதும் ‘இணைப்பாட்டம்’ என்ற நல்ல சொல்லோடும் இது மோதாது. அது இருவர் சேர்த்த ஓட்டங்களைக் குறிப்பது, இது இருவரின் பொருத்தத்தைக் குறிப்பது.

‘முன்கள’ என்ற அடைமொழியைக் கட்டாயமாக்க வேண்டாம் என்பதும் என் கருத்து. 2020 செப்டம்பரில் டாட்டன்ஹாம் 5-2 என்று சவுத்தாம்டனை வென்றபோது சோன் ஹியுங்-மின் அடித்த நான்கு கோலுக்கும் பந்து கொடுத்தவர் ஹாரி கேன். அப்போது கேன் நடுக்களம் வரை இறங்குவார், சோன் பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்து உள்ளே பாய்வார். இருவரும் முன்களத்தில் அருகருகே நின்று ஆடியவர்கள் அல்ல. ஆனாலும் இவர்கள் நிரப்பிணைதான்.

ஒரு தயக்கம் மட்டும் இருக்கிறது. நிரப்பு + இணை புணர்ந்து நிரப்பிணை ஆவது இலக்கணப்படி சரி. ஆனால் வேகமாகப் படிக்கிறவர் கண்ணில் ஜாமீனைக் குறிக்கும் ‘பிணை’ முதலில் படும். கட்டுரைகளில் முதல் முறை வரும்போது ‘நிரப்பு இணை’ என்று பிரித்தெழுதி, பிறகு சேர்த்தெழுதினால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. மறுப்பு இருந்தால், மாற்றுச் சொல்லை யார்க்–கோல் ஆட்டத்துக்கும் பொருத்திப் பார்த்து எழுதுங்கள்.