சிக்னல் நன்றாக இருக்கிறது, டேட்டா மட்டும் நகரவில்லை: 2.4 கிகாஹெர்ட்ஸ் மெஷ், உதவி தேவை

டெக்சாஸில் இருக்கிறேன், அமெச்சூர் ரேடியோவில் டெக்னீஷியன் (தொடக்க நிலை) லைசன்ஸ். பழைய ராக்கெட் எம்2 (வெளியில் மாட்டும் வைஃபை ரேடியோ) இரண்டு வாங்கி ஏஆர்இடிஎன் (ரேடியோக்களை மெஷ் நெட்வொர்க்காக இணைக்கும் அமெச்சூர் மென்பொருள்) ஃபர்ம்வேர் ஏற்றி, சேனல் மைனஸ் 2, அகலம் 10 மெகாஹெர்ட்ஸ் வைத்தேன். மேசையில் பிரமாதமாக ஓடியது. ஒன்றை 10 கிலோமீட்டர் தள்ளி நண்பர் வீட்டு டவரில் ஏற்றியபின் சிக்னல் -68 டிபிஎம், நாய்ஸ் -95 டிபிஎம், பக்கத்து நோடும் (எதிர்முனை ரேடியோ) பட்டியலில் தெரிகிறது, ஆனால் கேமரா படம் திறக்கவே ஒரு நிமிடம் ஆகிறது. போனில் ஸ்கேன் செய்தால் இந்த நெட்வொர்க்கே காட்டவில்லை. டபிள்யூபிஏ2 (வைஃபை குறியாக்கம்) போடாததால் யாராவது உள்ளே நுழைந்து விட்டார்களா?

பதில்:
போனை விடுங்கள். மைனஸ் 2 என்பது 2397 மெகாஹெர்ட்ஸ், சாதாரண வைஃபை 2412-ல்தான் தொடங்குகிறது, போனுக்கு அது கேட்காது. டபிள்யூபிஏ2 போடவும் கூடாது. அமெச்சூர் பேண்டில் செய்தியின் பொருளை மறைக்கும் குறியாக்கத்துக்கு அமெரிக்க எஃப்சிசியின் அமெச்சூர் விதிகளான பகுதி 97-ல் இடமில்லை. நோடுக்கு உங்கள் கால்சைன் (லைசன்ஸில் தரும் அடையாளக் குறி) தானே பெயர்? அப்புறம், நடுவில் மரம் இருக்கிறதா? 10 கிலோமீட்டருக்கு ஃப்ரெனல் வளையம் (நேர்ப்பாதையைச் சுற்றித் தடையில்லாமல் இருக்க வேண்டிய இடம்) நடுவில் சுமார் 18 மீட்டர் ஆரம்.

கேட்டவர்:
கால்சைன்தான். மரம் இல்லை, எதிர் டவர் பைனாகுலரில் தெளிவாகத் தெரிகிறது.

இன்னொருவர்:
-68க்கு மரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. செட்டிங்கில் தூரம் என்ன போட்டிருக்கிறீர்கள்?

கேட்டவர்:
500 மீட்டர். மேசையில் சோதிக்கும்போது போட்டது, அப்படியே விட்டுவிட்டேன்.

இன்னொருவர்:
அதுதான். 10 கிலோமீட்டர் போக 33 மைக்ரோ நொடி, ஏசிகே (கிடைத்தது என்ற பதில்) திரும்பி வர இன்னொரு 33. 500 மீட்டர் என்று போட்டதால் உங்கள் ரேடியோ அதுவரை காத்திருக்காமல், போய்ச் சேரவில்லை என்று நினைத்து அதே பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கும். பக்கத்து நோடைத் தேடும் ஹலோ பாக்கெட் பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் பொதுவாகப் போவது), அதற்கு ஏசிகே கிடையாது, அதனால்தான் பட்டியலில் எல்லாம் சுகமாகத் தெரிகிறது. நானும் இதே விஷயத்துக்காக ஆண்டெனாவை இரண்டு தடவை கழற்றி மாட்டியவன். 11 கிலோமீட்டர் என்று போடுங்கள், கொஞ்சம் கூடுதலாக இருந்தால் தப்பில்லை. இரண்டு முனையிலும் மாற்ற வேண்டும்.

கேட்டவர்:
என் பக்கம் மாற்றியதும் பாதி சரியானது. நண்பருக்கு ரிப்பீட்டரில் கூப்பிட்டுச் சொன்னேன், அவரும் மாற்றிவிட்டார். கேமரா படம் உடனே வருகிறது! நன்றி ஓஎம் (நண்பரே), 73 (வாழ்த்துகள்).