உறை போட்ட காமிக்ஸ் பழுக்கிறது, பேப்பர்பேக்கில் ராமபாணப் பூச்சி: எங்கே தப்பு?

கடைசிப்பக்கம்:
சுமார் 400 காமிக்ஸ் இதழ்கள், 250 அறிவியல் புனைவு பேப்பர்பேக்குகள். எல்லாம் ஒரே அலமாரியில், சுவரை ஒட்டி. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. காமிக்ஸை ஒவ்வொன்றாக பிளாஸ்டிக் உறையில் போட்டு செலோடேப் ஒட்டியாகிவிட்டது. அப்படியும் பக்க ஓரங்கள் மஞ்சளாகப் பழுக்கின்றன. சில உறைகள் அட்டையோடு பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்கின்றன. பத்துப் பதினைந்து பேப்பர்பேக்குகளின் முதுகில் ராமபாணப் பூச்சி அரித்த தடம். வீட்டில் 5, 9 வயதுப் பிள்ளைகள். இருவரும் எடுத்துப் படிக்க வேண்டும், பூட்டி வைக்கும் உத்தேசம் இல்லை. பெரியவர்கள் அந்துருண்டை போடச் சொல்கிறார்கள். போடலாமா? எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஈரமானி:
அந்துருண்டை வேண்டவே வேண்டாம். நாப்தலீன் ஆவி சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. ஜி6பிடி நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களே சிதையும். போதாக்குறைக்கு அந்த வாடை தாளில் ஏறினால் லேசில் போகாது.

வில்லன் அந்தக் குளியலறைச் சுவர்தான். ராமபாணப் பூச்சி ஈரத்தைத் தேடித்தான் வரும். வந்த பிறகு பசையையும் மாவுச்சத்தையும் தின்னும். ஈரம் ஏறிய இதழை உறையில் போட்டு மூடினால் ஈரத்தையும் சேர்த்து மூடினதாகத்தான் அர்த்தம். எனவே முதலில் அலமாரியைக் குளியலறையை ஒட்டாத உள்சுவருக்கு மாற்றுங்கள். பின்னால் 5 செ.மீ., தரையிலிருந்து 10 செ.மீ. இடைவெளி இருக்கட்டும்.

அடுத்தது ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி. மலிவான மானிகள் 5 சதவீதம் கூட்டியோ குறைத்தோ காட்டுவது சகஜம், அதனால் உப்பை வைத்துச் சோதியுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பு, அதில் ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர். உப்பு முழுக்கக் கரையக் கூடாது. மூடியையும் மானியையும் காற்றுப் புகாத பைக்குள் வைத்து 12 மணி நேரம் விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மானி எவ்வளவு விலகிக் காட்டுகிறதோ அதுதான் அதன் பிழை.

அலமாரிக்குள் 35 முதல் 50 வரை இருந்தால் நல்லது. 65க்கு மேலேயே நின்றால் பூஞ்சணம் வரும்.

காமிக்ஸைப் பெட்டியில் வைத்தால், ஒரு பெட்டிக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) போதும், பெட்டி நன்றாக மூட வேண்டும். திறந்த அலமாரியில் போடுவது வீண்; வீட்டுக் காற்றை முழுக்க அதால் உலர்த்த முடியாது. நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு உண்டு, அது நச்சு. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஆரஞ்சு மணிதான் சரி. அதையும் கைக்கு எட்டாமல் வையுங்கள். நிறம் மாறியதும் அடுப்பு அவனில் 120 டிகிரியில் 2 மணி நேரம் காயவைத்தால் மறுபடி பயன்படும்.

பூச்சி பட்ட புத்தகங்களை மட்டும் தனியே எடுத்து, காற்றை அழுத்தி வெளியேற்றிய பையில் இறுக்கி மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் 24 மணி நேரம் விட வேண்டும். ஆர்வத்தில் உடனே திறந்தால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும். பூச்சியை விரட்டிப் பூஞ்சணத்தை அழைத்த கதையாகும்.

மூன்றாவது கட்டம்:
பிசுபிசுப்புக்குக் காரணம் அனேகமாக பிவிசி உறை. அதை வளையவைக்கச் சேர்க்கும் எண்ணெய்ப்பொருள் நாளடைவில் கசிந்து அட்டை மையைப் பிடித்துக்கொள்ளும். சந்தேகம் என்றால் வெட்டவெளியில், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது, செம்புக் கம்பியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி உறையின் ஓரத்தில் தொட்டு மறுபடி சுடரில் காட்டுங்கள். பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது, அதாவது பிவிசி. புகையை முகராதீர்கள்.

ஒட்டிய உறையை இழுக்காதீர்கள். மூன்று பக்கமும் கத்தரித்து, பிளாஸ்டிக்கை மட்டும் பின்பக்கமாக மடித்து, கிட்டத்தட்ட தாளோடு படிந்தபடி மெதுவாக உரியுங்கள். மை கூடவே வந்தால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடலாம்.

மாற்று: பாலிப்ரொப்பிலீன் உறை, கூடவே இதழுக்குப் பின்னால் வைக்க அமிலமற்ற அட்டை. வழவழப்பான பக்கம் இதழைப் பார்க்கட்டும். விலையுயர்ந்த பாலியெஸ்டர் உறை 400க்கும் தேவையில்லை. பிள்ளைகள் வாரம் ஒருமுறை எடுக்கும் இதழுக்கு உறையே வேண்டாம் என்பேன்.

செலோடேப் விஷயம் முக்கியம். இதழை உருவும்போது தொங்கும் டேப் அட்டையில் ஒட்டி ஒரு கீற்று மேல்தாளையே பிய்த்துவிடும். உறையின் வாய் மடிப்பை உறைக்கும் அந்த அமிலமற்ற அட்டைக்கும் நடுவே செருகிவிட்டால் டேப்பே வேண்டாம்.

பழுத்தது பழுத்ததுதான். மலிவுத்தாளில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சத்திலும் காற்றிலும் ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது, அமிலமும் சேர்ந்து தாளை நொறுக்குகிறது. உறை அதைத் தடுக்காது. இருட்டும் குறைந்த வெப்பமும்தான் தள்ளிப்போடும். வெயிலில் காயவைப்பது இன்னும் மோசம்.

ஒட்டுப்பசை:
பேப்பர்பேக்கோட முதுகைப் பத்தி யாரும் சொல்லல. முதுகுப் பசை காய்ஞ்சு பக்கம் கழன்றா செலோடேப் போடாதீங்க, கறை எண்ணெயா ஊறிடும். வெள்ளை பிவிஏ பசையைக் கழன்ற பக்கத்தோட உள்ஓரத்துல 1 மி.மீ. அகலத்துக்குத் தடவி, முதுகு வரைக்கும் செருகி, ரெண்டு பக்கமும் மெழுகுத்தாள் வெச்சு, ராத்திரி பூரா பாரம் வைங்க. பசை அதிகமானா பக்கத்துப் பக்கமும் ஒட்டிக்கும். பாதிப் பேர் கெடுக்கிறது இங்கதான். மைதாப் பசை வேண்டாம், ராமபாணத்துக்கு விருந்து வெச்ச மாதிரி.

புதுப் புத்தகத்தை நடுவுல விரிச்சு மடக்காதீங்க. முதுகை மேசைமேல நிறுத்தி, முன்னால கொஞ்சம் பின்னால கொஞ்சம்னு பத்துப் பத்துப் பக்கமா தடவித் திறந்துகிட்டு நடுவுக்கு வாங்க.

கடைசிப்பக்கம்:
அந்துருண்டை யோசனையைக் கைவிட்டாச்சு. இன்னும் இரண்டு: பிள்ளைகளுக்கு எப்படிப் பிரித்து வைப்பது? அப்புறம், வாங்கியதையே திரும்ப வாங்குவதாக வீட்டில் நியாயமான புகார் இருக்கிறது.

பட்டியல்காரர்:
பிள்ளைகள் படிப்பது தொகுப்பாக வந்த கெட்டி அட்டைப் புத்தகங்களாக இருக்கட்டும், கீழிரண்டு தட்டுகளில். தனி இதழ்கள் மேலே, பெட்டியில். 150 இதழ் அட்டையோடு சுமார் 15 கிலோ வரும். 5 வயதுப் பிள்ளை தட்டுகளில் ஏறும் என்று வைத்துக்கொண்டே, பின்னாலுள்ள 5 செ.மீ. இடைவெளி மாறாமல் அலமாரியைச் சுவரோடு திருகி இறுக்குங்கள். பெட்டியில் இதழ்கள் நெட்டாக நிற்க வேண்டும். சாய்ந்தால் முதுகு வளையும். காலி இடத்தை வெற்று அட்டையால் அடையுங்கள்.

இரட்டை வாங்கலுக்கு ஒரு விரிதாள் போதும், ஆனால் எண்களைச் சரியாகப் பிடிக்க வேண்டும். 2007க்கு முந்தைய புத்தகங்களில் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் 10 இலக்கம், பிறகு 13. வெறுமனே முன்னால் 978 சேர்த்துத் தேடினால் கிடைக்காது. கடைசிச் சரிபார்ப்பு இலக்கம் மாறிவிடும். பழைய எண்ணில் முதல் 9 இலக்கங்களையும் புதியதில் 978க்கு அடுத்த 9 இலக்கங்களையும் தனிப் பத்தியில் எழுதுங்கள், அதுதான் பொருந்தும். அமெரிக்க காமிக்ஸின் பார்கோடுக்குப் பக்கத்தில் 5 இலக்கத் துணை எண் இருந்தால் முதல் மூன்று இதழ் எண், நான்காவது அட்டை வகை, ஐந்தாவது எத்தனையாவது அச்சு.

அறிவியல் புனைவில் இன்னொரு கண்ணி: ஒரே நாவலுக்கு இரண்டு பெயர். ஆல்ஃப்ரெட் பெஸ்டரின் 'டைகர்! டைகர்!' நாவலும் 'தி ஸ்டார்ஸ் மை டெஸ்டினேஷன்' நாவலும் ஒன்றுதான், முன்னது இங்கிலாந்துப் பெயர். வாங்குமுன் பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். சிறுகதைத் தொகுப்புகளுக்கு உள்ளடக்கத்தையும் விரிதாளில் ஏற்றினால்தான் பலன்.

கடைசிப்பக்கம்:
உப்புச் சோதனையில் மானி 69 காட்டியது. அலமாரிக்குள் 62. அப்படியானால் 6 கூட்ட வேண்டும், இல்லையா?

ஈரமானி:
ஆமாம், 68. அலமாரியை இன்றே நகர்த்துங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்து 55க்குக் கீழே இறங்கிய பிறகு புது உறை வாங்கினால் போதும்.