மறுமொழி: கேட்வேயில் வரும் ‘சிக்னல்’ – களமாறி என்று சொல்லலாமா?

எல்லாருக்கும் வணக்கம்.

சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து அரிசி ஆலைகளில் கேட்வே (இயந்திரங்களின் தரவை வாசித்து வலையமைப்புக்கு அனுப்பும் பெட்டி) பொருத்துகிறவர்களுக்கான கைந்நூல், அதன் பட்டியலில் வரும் ‘சிக்னல்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இந்த ஒரு கேள்வியில்தான் தட்டி நிற்கிறது. இந்த இழையில் ஒரு அண்ணா ‘சமிக்ஞை’ என்றார், ஒரு தங்கச்சி ‘அளவுப்புள்ளி’ என்றார். இரண்டையும் வைத்து அந்த அத்தியாயத்தை எழுதிப் பார்த்தேன். இரண்டுமே இடறுகின்றன.

கேட்வேயில் புதிதாக ஒரு சிக்னலைச் சேர்க்கும்போது திரை என்ன கேட்கிறது? பெயர், சாதன முகவரி, பதிவக எண் (சாதனம் ஒரு பெறுமானத்தை வைத்திருக்கும் நினைவக இடத்தின் எண்), தரவு வகை, பெருக்கம், அலகு, எத்தனை விநாடிக்கு ஒருதரம் வாசிப்பது. நெல் உலர்த்தியின் காற்று 65.2 பாகை என்றால், மொட்பஸ் என்ற தொடர்பாடல் முறையில் பேசும் சாதனத்தின் பதிவகத்தில் 652 என்றே கிடக்கும், 0.1ஆல் பெருக்கு என்று நாம்தான் சொல்ல வேண்டும். சாதனக் குறிப்பில் 40011 என்று அச்சிட்ட பதிவகத்தைப் பல கேட்வேகளில் 10 என்று கொடுக்க வேண்டும். முன்னால் நிற்கும் 4 பதிவக வகையைக் காட்டுகிறது, எண்ணிக்கையோ பூச்சியத்தில் தொடங்குகிறது. சில சாதனங்கள் இப்படி முழு எண்ணாக்காமல் 32 பிட் தசம எண்ணாகவே தரும், அதற்கு இரண்டு பதிவகங்கள் வேண்டும். 65.5 பாகை 17027, 0 என்று இரண்டாகப் பிரிந்து வரும். எது முன், எது பின் என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் திரையில் பூச்சியம்தான்.

அந்த நேரத்தில் வயரும் சரி, சென்சரும் சரி, வடத்தின் முனையில் போட்ட 120 ஓம் தடையும் சரி. பட்டியலில் ஒரு வரி மட்டும் பிழை. இதைச் ‘சமிக்ஞையில் பிழை’ என்று எழுதினால், வேலை பழகும் பொடியன் நேரே போய்க் கம்பியைத்தான் கழற்றுவான். மொட்பஸ் ஓடும் ஆர்எஸ்-485 வடத்தின் இரண்டு கம்பிகளுக்கு இடையிலான மின்னழுத்த வித்தியாசத்துக்குச் சமிக்ஞை அருமையான சொல். அதற்கே அது இருக்கட்டும். நாம் பெயர் தேடுவது பெயரும் முகவரியும் அலகும் உள்ள ஒரு பெறுமானத்துக்கு.

புள்ளி என்றால் நம் பிள்ளைகளுக்குப் பரீட்சைப் புள்ளி. அதைக்கூடப் பழக்கிவிடலாம். ஆனால் நாம் எல்லாவற்றையும் அளப்பதில்லையே! மின்விசிறியை நிறுத்து என்று எழுதுவதும் இதே பட்டியலில்தான் வருகிறது.

‘பதிவகப் பெறுமானம்’ என்றும் ஒருவர் சொல்லியிருந்தார். மொட்பஸுக்குச் சரி. ஜெனரேற்றரிடம் போனால் அங்கே கேன் பஸ் என்ற வேறு இணைப்பு, அதில் ஜே1939 என்ற வேறு தொடர்பாடல் முறை. பதிவகம் என்ற பேச்சே இல்லை. எஞ்சின் வேகம் ஒரு செய்தியின் 4ஆம், 5ஆம் பைட்டுகளில் வருகிறது. 12000 என்று வந்தால் 0.125ஆல் பெருக்கி நிமிடத்துக்கு 1500 சுற்று என்று எடுக்க வேண்டும். இதுவும் அதே பட்டியலில் ஒரு வரிதான்.

ஆகவே என் முன்மொழிவு ‘களமாறி’. மாறி என்பது பாடசாலைக் கணிதத்திலேயே எல்லாருக்கும் பழக்கம். அதை வாசிக்கலாம், அதில் எழுதவும் செய்யலாம். களம், இயந்திரம் நிற்கும் இடம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் களம் என்றதும் நெல்லைப் பிரிக்கச் சூடு மிதிக்கும் களவெட்டிதான் நினைவுக்கு வரும் என்பது தெரியும். ஆலைக்கு வரும் நெல் அங்கேயிருந்துதானே வருகிறது, எனக்கு அது உறுத்தவில்லை. களமாறிப் பட்டியல், களமாறியின் அலகு, எழுதக்கூடிய களமாறி என்று எப்படிச் சேர்த்தாலும் நாக்கு சிக்கவில்லை.

கேட்வேயின் திரை ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதல் தடவை ‘சிக்னல் எனப்படும் களமாறி’ என்று போட்டுவிட்டு, அப்புறம் களமாறி என்றே கொண்டுபோகலாம்.

இன்னொன்று. இரண்டு பதிவகங்களின் முன்பின் வரிசைக்கு ‘சொல்லொழுங்கு’ என்றும், ஒரு பதிவகத்துக்குள் உள்ள இரண்டு பைட்டுகளின் வரிசைக்குப் ‘பைட்டொழுங்கு’ என்றும் இப்போதைக்கு வைத்திருக்கிறேன். இதில் ‘சொல்’ என்பது ஆங்கில ‘வேர்ட்’, அதாவது ஒரு பதிவகத்தின் 16 பிட் என்பது புதியவருக்கு விளங்குமா? ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் பார்த்துச் சொன்னால் அந்தப் பக்கத்தையும் முடித்துவிடலாம்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து