கோத்தகிரியில் 1968 ஸ்பிட்ஃபயர்: ஸ்டியரிங் திரும்பி வருவதில்லை, கிளட்ச் மிதித்தால் இன்ஜின் அமுங்குகிறது

அரவேனுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். சித்தப்பா இருபது வருஷமாக ஷெட்டில் மூடி வைத்திருந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், போன வருஷம் என் கைக்கு வந்தது. 1968 மாடல், 1296 சிசி, பெட்ரோலையும் காற்றையும் கலக்க இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர். பிரேக், டயர், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் புதுசு போட்டு ஆறு மாசமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓட்டுகிறேன்.

இப்போது ஸ்டியரிங்கில் தொல்லை. கொண்டை ஊசி வளைவில் முழுசாக ஒடித்தால் தானாகத் திரும்பி வருவதில்லை, நான்தான் இழுத்து நேராக்க வேண்டும். ஒடிக்கும்போது இடது முன்சக்கரத்தின் உள்ளே பழைய கதவுக் கீல் மாதிரி ஒரு முனகல். மழை பெய்த மறுநாள் சத்தம் கூடுதல். இங்கே ஒரு மெக்கானிக் கீழே இருக்கிற நிப்பிளில் கிரீஸ் அடித்தார். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மறுபடி அதே முனகல்.

அப்புறம் கிளட்ச். எதிரே பஸ் வந்தால் வளைவில் ஒதுங்கி, கிளட்சை மிதித்தபடி நிற்கிறேன். அப்போது ஐடிலிங் அமுங்குகிறது, இன்ஜினிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். காலை எடுத்தால் சரியாகிவிடுகிறது. இது போக, மேட்டுப்பாளையத்தில் சீராக ஓடுகிற வண்டி மலையேறியதும் இழுப்பதில்லை. பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கிறது, பெட்ரோல் வாடையும் அடிக்கிறது.

கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் பேசினேன். இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார்கள். வருகிற சனிக்கிழமை நானே மலையிறங்கி ஓட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். மேட்டுப்பாளையம் வரை 33 கி.மீ.தான். போகலாமா?

குன்னூர் ஹெரால்டு:

தம்பி, ஓட்டிப் போகாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். இதைப் படித்த கையோடு சாவியை எடுத்து பீரோவுக்குள் வையுங்கள்.

நான் 1986-லிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கிறேன், சென்னையில் தயாரான வண்டி. அதுவும் உங்கள் ஸ்பிட்ஃபயரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஹெரால்டின் சேஸைக் குறுக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் அமைப்பு இரண்டிலும் ஒரே மாதிரிதான்.

சக்கரத்தைத் தாங்குவது வெர்ட்டிகல் லிங்க் என்கிற இரும்புத் தண்டு. அதன் கீழ்நுனியில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ட்ரன்னியன் என்கிற வெண்கலக் கட்டைக்குள், நட்டுக்குள் போல்ட் இறங்குகிற மாதிரி இறங்கியிருக்கும். நீங்கள் ஸ்டியரிங்கை ஒடிக்கிற ஒவ்வொரு தடவையும் மரைக்குள் மரை சுற்றுகிறது. அங்கே நிற்க வேண்டியது எண்ணெய். கம்பெனிக் கையேட்டில் சொன்னதும் கியர் ஆயில்தான், 90 நம்பர் இ.பி. ஆயில். கிரீஸ் அந்த இடுக்கெல்லாம் ஏறாது, ஒரே இடத்தில் கட்டிப் போய்விடும். மேலிருந்து தண்ணீர் இறங்கும். நம் மலையில் மழை விட்டாலும் பனிமூட்டம் விடாது. உள்ளே துரு பிடித்து மரை இறுகினால் தண்டு முறுக்குப்படும், ஒருநாள் ஒடியும்.

எனக்கு ஒடிந்தது. 1991 ஐப்பசி மழை, வண்டியில் மனைவியும் பெண்ணும். பர்லியாரிலிருந்து ஏறி வந்து, வீட்டு கேட்டுக்குள் திருப்ப ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். வண்டியின் வலது மூலை சட்டென்று உட்கார்ந்தது. இறங்கிப் பார்த்தால் சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிக் கிடக்கிறது. ஒடிந்த முகத்தில் முக்கால் பாகம் கறுத்த பழைய துரு. கால் பாகம்தான் அன்று ஒடிந்த வெள்ளை. அந்தக் கால் பாகத்தை நம்பித்தான் அத்தனை வளைவும் ஏறி வந்திருக்கிறோம். அந்தத் துண்டை இன்னும் மேசை மேல் வைத்திருக்கிறேன். அதற்கு முந்தின வருஷம் முழுக்க, உங்களைப் போலவே, கிரீஸ்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

நீங்களே பார்க்கலாம். பானெட்டை முன்னால் சாய்த்தால் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம், இந்த வண்டியில் அது ஒரு பெரிய வசதி. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். தண்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துணியால் நன்றாகத் துடைத்து, மரை முடிகிற கழுத்தில் சாக்பீஸ் பொடியைத் தேயுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே நிற்கிற மண்ணெண்ணெய் கசிந்து, சுண்ணாம்பில் கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் அந்தத் தண்டைத் தூக்கிப் போடுங்கள், வெல்டிங் பேச்சே வேண்டாம்.

இன்ஜினை இறக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். கிளட்சை மிதிக்கிற பாரம் கிராங்க்கை, அதாவது இன்ஜினுக்குள் சுழலுகிற பெரிய தண்டை, முன்னால் தள்ளும். அதைத் தடுப்பது, கிராங்க்கைத் தாங்குகிற பின் மெயின் பேரிங்கில் இருக்கிற அரைவட்ட த்ரஸ்ட் வாஷர். அது தேய்ந்தால்தான் உங்கள் 'டொக்'. இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவரை கிளட்சை மிதித்து மிதித்து விடச் சொல்லி, கிராங்க் புல்லியைப் பாருங்கள். முன்னும் பின்னும் போவது கண்ணுக்குத் தெரிந்தாலே அது அதிகம். இன்ஜினுக்கு அடியில் இருக்கிற எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, பின் மெயின் பேரிங்கின் மூடியை இறக்கினால் கீழிருந்தே வாஷரைச் சுற்றி எடுத்துவிடலாம். புதுசு போடும்போது எண்ணெய்ப் பள்ளம் வெட்டிய முகம் கிராங்க் பக்கம் பார்க்க வேண்டும். தடிமன் கூடின வாஷரும் கிடைக்கிறது. தள்ளிப் போடாதீர்கள். வாஷர் கழன்று சம்ப்பில் விழுந்துவிட்டால் கிராங்க் பிளாக்கையே அரைக்கும். இனிமேல் பஸ்ஸுக்கு ஒதுங்கினால் நியூட்ரல் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுங்கள்.

கொடை ரோட்டோரம்:

கார்புரேட்டர் பற்றி மட்டும் என் பங்கு. மேலே காற்று மெலிசு. ஊட்டி உயரத்தில், அதாவது 2,240 மீட்டரில், காற்றழுத்தம் கடலோரத்தைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை, அதனால்தான் கரி. ஆனால் ட்யூனிங்கில் கை வைக்கும் முன் சோக்கைப் பாருங்கள். எஸ்.யு.வில் சோக் இழுத்தால், பெட்ரோல் வருகிற குழாயான ஜெட் கீழே இறங்கி, பெட்ரோல் கூடும். இருபது வருஷம் நின்ற வண்டியில் அது திரும்ப மேலே ஏறாமல் ஒட்டிக்கொள்வது சகஜம். என் வண்டியில் ஜெட்டுக்குள் இறங்குகிற ஊசியான நீடிலை இரண்டு வாரம் குறை சொன்ன பிறகுதான் அதைக் கண்டுபிடித்தேன்.

ஜெட் சரியாக ஏறுகிறது என்றால், இன்ஜின் சூடான பிறகு, ஓடவிட்டபடியே, கார்புரேட்டருக்குள் இருக்கிற பிஸ்டனைத் தூக்கும் பின்னை இம்மியளவு மேலே தள்ளுங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், இன்ஜின் நின்று போனால் குறைவு, லேசாக ஏறி உடனே இறங்கினால் சரி. பெட்ரோல் அதிகம் என்றால் ஜெட் நட்டை ஒரு தடவைக்கு ஒரு பட்டை (நட்டின் ஆறு முகத்தில் ஒன்று) மட்டும் மேலே ஏற்றுங்கள், இரண்டு கார்புரேட்டரிலும் சமமாக.

பெட்ரோல் வாடையை விட்டுவிடாதீர்கள். இப்போது பங்க்கில் வருவதில் 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பர் அதற்குத் தாங்காது. ஹோஸ் மொத்தத்தையும் எத்தனால் தாங்குகிற வகைக்கு மாற்றுங்கள். எக்ஸாஸ்டுக்குப் பக்கத்திலேயே கார்புரேட்டர் இருக்கிற வண்டி இது, சொட்டினால் தீதான்.

அரவேனுக்காரன்:

ஐயா, சனிக்கிழமை கோயம்புத்தூர் போகவில்லை. இடது பக்கத்தைக் கழற்றினேன். நிப்பிளை எடுத்ததும் முதலில் வந்தது செந்நிறத் தண்ணீர், ஒரு தேக்கரண்டி இருக்கும். அதற்குப் பிறகு ஷூ பாலிஷ் மாதிரி இறுகிய கிரீஸ், குச்சியால் நோண்டித்தான் எடுக்க முடிந்தது. தண்டை வெளியே எடுக்க அரை நாள் ஆனது. நீங்கள் சொன்னபடி சாக்பீஸ் தேய்த்து வைத்துவிட்டு டீ குடித்து வந்தேன். கழுத்தைச் சுற்றி, கிட்டத்தட்ட பாதிச் சுற்றுக்கு, தலைமுடி மாதிரி ஒரு கோடு நனைந்து நிற்கிறது. போன ஞாயிறுதான் என் பையனை உட்கார வைத்துக் குஞ்சப்பனை வரை போய் வந்தேன். கை நடுங்கிவிட்டது.

வலது பக்கம் கோடு இல்லை. இருந்தாலும் இரண்டு பக்கத்துக்கும் தண்டும் ட்ரன்னியனும் இங்கிலாந்திலிருந்து வரச் சொல்லியிருக்கிறேன். கிராங்க் புல்லி ஒரு நகக்கனம் அசைகிறது, சம்ப்பை அடுத்த வாரம் கழற்றுகிறேன். சோக் ஜெட் ஒன்று பாதியில் ஒட்டித்தான் இருந்தது, கொடைக்கானல் நண்பருக்கு நன்றி. ட்ரன்னியன் மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

குன்னூர் ஹெரால்டு:

நல்ல வேளை தம்பி. இடது பக்கத்து மரை வேறு, வலது வேறு. பொட்டலத்தைப் பிரிக்கும்போதே அடையாளம் போட்டு வையுங்கள். ட்ரன்னியனைக் கடைசி வரை முறுக்கி ஏற்றி, அப்புறம் இரண்டு பக்கமும் முழுசாக ஒடிக்க இடம் கிடைக்கிற அளவுக்குத் திருப்பி இறக்க வேண்டும். மேல் சீல் ஓரத்தில் சுத்தமான எண்ணெய் கசிந்து வரும்வரை ஆயில் அடியுங்கள், மழைக்காலத்துக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை. சாமான் வந்ததும் சொல்லுங்கள், நானே கோத்தகிரிக்கு வருகிறேன். ஆயில் கன் என்னிடம் இருக்கிறது, வாங்க வேண்டாம்.