வீட்டில் செய்த ஸ்னோபோர்டு: எட்ஜில் அரம் வழுக்குகிறது, ஓரிடம் நீலமாகிவிட்டது

கேரேஜ்வாசி:
கால்கரியில் இருக்கிறேன். கேரேஜில் செய்த ஸ்னோபோர்டை (பனிச்சறுக்குப் பலகை), அடுக்குகளை அழுத்தி ஒட்டும் பிரஸ்ஸிலிருந்து எடுத்தாயிற்று. நடுவே பாப்லர் மரக் கோர், அதன் மேலும் கீழும் ஃபைபர்கிளாஸ், பக்கச் சுவராக ஏபிஎஸ் பிளாஸ்டிக் (சைடுவால்), அடி ஓரம் சுற்றிலும் ஸ்டீல் பட்டை (எட்ஜ்). ஓரத்தில் வழிந்து இறுகிய எபாக்சிப் பசையை ஜிக்சாவால் அறுத்துவிட்டு, சைடுவாலையும் எட்ஜையும் ஒன்றாகவே பெல்ட் சாண்டரில் தேய்த்தேன். ஏபிஎஸ் உருகி எட்ஜில் ஈஷிக்கொண்டது. மூக்கு வளைவில் ஒரு விரல் நீளத்துக்கு ஸ்டீல் நீலமாகிவிட்டது. கோணம் மாறாமல் பிடிக்கும் 88 டிகிரி கைடில் அரத்தை வைத்து இழுத்தால் பாதி இடத்தில் கடிக்காமல் வழுக்குகிறது. எட்ஜ் கெட்டுவிட்டதா? வார இறுதியில் நக்கிஸ்கா பனிச்சறுக்குத் தளத்துக்குப் போக ஆசை.

உளி:
எட்ஜ் மேல் பழி போடாதீர்கள். எட்ஜின் பக்கவாட்டில் கறுப்பு மார்க்கர் பூசி, அரத்தை ஒரே ஒரு முறை இழுத்துப் பாருங்கள். மை எங்கே அழிகிறது?

கேரேஜ்வாசி:
எட்ஜில் பெரும்பாலும் அழியவில்லை. அரத்தின் பல்லில் வெள்ளைப் பிளாஸ்டிக்தான் நிறைய.

உளி:
அதுதான் விஷயம். சைடுவால் எட்ஜோடு சமமாக நிற்கிறது, அரம் அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறது. பிளாஸ்டிக்கை உள்ளே தள்ளிவிட்டுத்தான் ஸ்டீலைத் தொட வேண்டும். கடை போர்டை எடுத்துப் பாருங்கள்: சைடுவால் எட்ஜிலிருந்து மேலே போகப் போக உள்ளே சாய்ந்திருக்கும்.

முதலில் எட்ஜ் மேல் இருக்கும் எபாக்சியையும் உருகிய ஏபிஎஸ்ஸையும் ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள். அப்புறம் ரவுட்டரில் (மரம் செதுக்கும் சுழல் கருவி) 7 டிகிரி சாய்வாக வெட்டும் பிட்டை மாட்டுங்கள். அதன் பேரிங் ஸ்டீல் எட்ஜ் மேல் உருள வேண்டும், வெட்டும் அலகு ஸ்டீலைத் தொடவே கூடாது. தொட்டால் அலகின் கார்பைடு முனை உடையும். பேரிங் ஓடும் பாதையில் ஒரு பொட்டு எபாக்சி இருந்தாலும் அந்த மேடு அப்படியே சைடுவாலில் பதியும். வேகத்தைக் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் ஏபிஎஸ் மறுபடி உருகும். கண்ணுக்குக் கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம், ஃபைபர்கிளாஸ் தூள் பொல்லாதது.

மரத்தூள்:
நீலத்தைப் பற்றி நான் சொல்கிறேன் தம்பி. ஸ்டீல் நீலமாக ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வேண்டும். எட்ஜை ஒட்டிப் பிடிக்கும் எபாக்சி 100-க்கு முன்பே இளகிவிடும். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு ஒட்டைப் பாருங்கள். மெல்லிய பிளேடை எட்ஜுக்கும் பேஸுக்கும் (பனியில் வழுக்கும் அடிப்பக்கம்) நடுவே நுழைத்துப் பார்க்கலாம். நுழைந்தால் அந்த இடைவெளியில் எபாக்சி விட்டு, மெழுகுத்தாள் வைத்துக் கிளாம்ப் போட்டு இறுகவிடுங்கள். நுழையாவிட்டால் விட்டுவிடலாம். மூக்கு வளைவு பனியை வெட்டும் இடமில்லை, அங்கே எப்படியும் மழுக்கத்தான் போகிறீர்கள்.

இனி சாண்டரை எட்ஜ் பக்கம் கொண்டுபோகாதீர்கள். போனால், விரல் வைத்தால் பொறுக்கிற சூடு வரைதான்.

கேரேஜ்வாசி:
நன்றி அண்ணா, பிளேடு நுழையவில்லை. இன்னொன்று: பேஸுக்குக் குறுக்கே ஸ்டீல் ஸ்கேல் வைத்து விளக்கில் பிடித்தால் நடுவே வெளிச்சம் தெரிகிறது. இரண்டு எட்ஜும் உயர்ந்து நிற்கின்றன.

உளி:
இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்! இப்படி ஓட்டினால் போர்டு தண்டவாளத்தில் போவதுபோல் போகும், திருப்பும்போது எட்ஜ் மாட்டி விழுவீர்கள். எவ்வளவு உயரம்?

கேரேஜ்வாசி:
ஒரு தாள் நுழையும், இரண்டு நுழையாது.

உளி:
அவ்வளவுதானா, கையாலேயே முடியும். இரண்டு எட்ஜையும் தொடும் நீளமான அரத்தைத் தட்டையாக வைத்து மூக்கிலிருந்து வால் நோக்கி இழுங்கள். எட்ஜ் இறங்கி பேஸோடு சமமாகும்போது நிறுத்துங்கள். இதைவிட அதிகமென்றால் டியூனிங் கடையில் கல் கிரைண்டிங் கொடுப்பதே மேல், அதிலும் எட்ஜ் கனம் கொஞ்சம் போகும். பேஸைச் சாண்டரில் தேய்க்கிற யோசனை இருந்தால் மறந்துவிடுங்கள், பாலிஎத்திலீன் நார் நாராக எழும்பும்.

சமமான பிறகு எட்ஜின் பேஸ் பக்கத்தை 1 டிகிரி சாய்வாக அராவுங்கள், கடைசியில் பக்கவாட்டை 88 டிகிரியில். பேஸ் பக்கச் சாய்வைக் கூட்டிவிட்டால் குறைக்க வழியில்லை, பேஸ் முழுவதையும் இறக்க வேண்டிவரும். சந்தேகமிருந்தால் அரை டிகிரியில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

மரத்தூள்:
பிசிறை ஈர வைரக்கல்லால் எடுங்கள். மூக்கிலும் வாலிலும் பனியைத் தொடும் புள்ளிக்கு வெளியே ரப்பர் கல்லால் மழுக்குங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: அரத்தைக் கம்பி பிரஷ்ஷால் துலக்காமல் ஆரம்பிக்காதீர்கள், பல்லில் அடைத்த ஏபிஎஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கேரேஜ்வாசி:
ரவுட்டர் முடிந்தது, மை இப்போது எட்ஜில் ஒரே சீராக அழிகிறது. பேஸைச் சமப்படுத்துவது பாதி வந்திருக்கிறது. நக்கிஸ்காவை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன்.