சில்லிக்குப் பேக்கன் கொழுப்பா, எண்ணெயா? வெள்ளிக்கிழமை அலுவலகப் போட்டி, உதவுங்கள்

இரும்புச்சட்டி எழுதியது:

வணக்கம். ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக்கில் இருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் அலுவலகத்தில் சில்லிப் போட்டி (கறியும் மிளகாயும் போட்டு வேகவைக்கிற டெக்சாஸ் குழம்பு). போன வருடம் ஓரமாக நின்று சாப்பிட்டுவிட்டு வந்தவனை இந்த வருடம் பெயர் கொடுக்க வைத்துவிட்டார்கள். "உனக்குக் காரம் பழக்கம்தானே" என்றார் ஒரு மகராசன். காரத்துக்கும் சில்லிக்கும் அவ்வளவு நெருக்கம் இல்லை என்று அவருக்கு யார் சொல்வது.

பக்கத்து வீட்டுத் தாத்தா இந்த ஊர்க்காரர், எழுபதைத் தாண்டியவர். விஷயம் காதில் விழுந்ததும் ஒரு பழைய காப்பித்தூள் டப்பாவோடு வந்தார். திறந்தால் உறைந்த நெய் மாதிரி, ஆனால் கொஞ்சம் பழுப்பாக ஒன்று. தினமும் காலையில் பேக்கன் (உப்பிட்டுப் புகையூட்டிய பன்றிக்கறி) வறுத்தபின் சட்டியில் நிற்கிற கொழுப்பை அதில் ஊற்றிச் சேர்த்துவைத்திருக்கிறார். எண்ணெய் ஊற்றிச் செய்தால் அதற்குப் பெயர் சில்லி இல்லை, சூப்பு என்றார்.

சரி என்று ஞாயிற்றுக்கிழமை செய்தேன். மூன்று பவுண்டு மாட்டுக் கொத்துக்கறி, 80/20. இரும்புச்சட்டியை நன்றாகக் காயவைத்து மூன்று மேசைக்கரண்டி கொழுப்பைப் போட்டேன். அரை நிமிடம் ஆகவில்லை, வீடு முழுக்கப் புகை. அலாரம் அலறியது, பையன் துண்டை எடுத்துக்கொண்டு கூடத்தில் விசிற ஆரம்பித்தான். அப்படியே கறியைப் போட்டு வறுத்தேன். கறி நிறம் மாறும்போது சட்டியில் கொழுப்பு குளமாக நின்றது, வடித்துவிட்டேன். அப்புறம் வெங்காயம், பூண்டு, சில்லி பவுடர், சீரகம், தக்காளி. சிறு தீயில் இரண்டு மணி நேரம்.

கடைசியில் அடிநாக்கில் ஒரு கசப்பு. உப்பும் தூக்கல். பேக்கன் வாசனை மட்டும் மருந்துக்கும் இல்லை. அதற்கு முந்தைய வாரம் கனோலா எண்ணெயில் செய்தது இதைவிட எவ்வளவோ தேவலை.

இன்னொன்று. கொதித்து முடிந்தபோது மேலே சிவப்பாக எண்ணெய் பிரிந்து நின்றது. நம் கணக்கில் குழம்பு பக்குவத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ருசி பார்க்க வந்த தாத்தா, முதல் வேலையாகக் கரண்டியை எடுத்து அதை வழித்து ஒரு கிண்ணத்தில் ஊற்றினார். கொழுப்பைக் கொடுத்ததும் அவர்தான், வழித்து எறிந்ததும் அவர்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு எதை நம்புவது?

மதியச்சோறு எழுதியது:

இரண்டும் வேண்டாம். 80/20 என்றால் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு. வெறும் சட்டியில் போட்டாலே இரண்டு நிமிடத்தில் தன் கொழுப்பில் தானே வறுபடும். நான் பத்து வருடமாக அப்படித்தான் செய்கிறேன். பேக்கன் வேண்டுமென்றால் முட்டையோடு சாப்பிடுங்கள்.

அப்புறம், பீன்ஸ் போட்டீர்களா? போட்டிருந்தால் டெக்சாஸ்காரர்கள் முன்னால் வாயைத் திறக்காதீர்கள்.

சான்அன்டோனியோ_அடுப்பு எழுதியது:

மதியச்சோறு சொல்வது பாதி சரி. மீதிப் பாதியை நான் சொல்கிறேன், நீளமாகத்தான் போகும்.

முதலில் ஒரு கணக்கு. மூன்று பவுண்டு என்பது ஏறக்குறைய 1360 கிராம். 80/20 கறியில் அதில் 270 கிராம் கொழுப்பு. நீங்கள் டப்பாவிலிருந்து போட்டது மூன்று மேசைக்கரண்டி, அதாவது 40 கிராம் இருக்கும். அந்த 40 கிராமும் உருகி வந்த மாட்டுக் கொழுப்போடு கலந்தது. பிறகு மொத்தத்தையும் வடித்துக் கொட்டினீர்கள். தாத்தா காலை காலையாகச் சேர்த்த வாசனை உங்கள் குப்பைத்தொட்டிக்குப் போய்விட்டது. சட்டியில் தங்கியது கருகலும் உப்பும்தான். (பாத்திரம் கழுவுகிற தொட்டியில் ஊற்றவில்லையே? ஊற்றியிருந்தால் குழாய்க்காரருக்குச் சொல்லி வையுங்கள்.)

கசப்புக்கு வருகிறேன். பேக்கன் கொழுப்பு 190 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே புகைய ஆரம்பித்துவிடும். சுத்திகரித்த கடலை எண்ணெய் 220-க்கு மேலும் தாங்கும். கறியைச் சிவக்க வறுக்கத் தேவையான சூட்டுக்குப் பேக்கன் கொழுப்பு லாயக்கில்லை. அதுவும் சரியாக வடிகட்டாததாக இருந்தால் இன்னும் மோசம். டப்பாவின் அடியைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள், பழுப்பாகப் பொடி தெரியும். அது பேக்கன் தூள். முதலில் கருகுவது அதுதான். தாத்தா மேப்பிள் சர்க்கரை தடவிய பேக்கன் வாங்குகிறவராக இருந்தால் அந்தச் சர்க்கரையும் அங்கேதான் இருக்கும். டப்பாவை வெந்நீரில் வைத்து இளக்கி, காப்பி வடிகட்டும் காகிதத்தில் ஒருமுறை வடித்துக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். இரண்டு மூன்று மாதம் தாங்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கொழுப்பைப் போட்ட இடம்தான் தப்பு. அதைக் கறிக்குப் போடாதீர்கள், தாளிப்புக்குப் போடுங்கள். கறியை எண்ணெயிலோ வெறும் சட்டியிலோ வறுத்து எடுத்துத் தனியே வையுங்கள். கொழுப்பை வடியுங்கள், ஆனால் அடியில் ஒட்டியிருக்கிற பழுப்பைச் சுரண்டிவிட வேண்டாம். தீயைப் பாதியாகக் குறைத்து இரண்டு மேசைக்கரண்டி பேக்கன் கொழுப்பு. அதில் வெங்காயம். சூட்டுக்கு வெங்காயம் சீக்கிரமே தண்ணீர் விட்டுவிடும், அந்த ஈரத்திலேயே அடிப்பழுப்பு கரைந்து வரும். வெங்காயம் கண்ணாடியாகி ஓரம் சிவந்ததும் பூண்டு, பிறகு சீரகப்பொடி, சில்லி பவுடர். ஒரே நிமிடம். மிளகாயின் நிறமும் காரமும் வாசனையும் தண்ணீரைவிடக் கொழுப்பில்தான் நன்றாக இறங்கும் என்பது நம் வீட்டுப் பாட்டிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிராத சங்கதி. கறி திரும்பச் சட்டிக்கு வருவது இதற்குப் பிறகுதான். உப்பைக் கடைசி அரை மணி நேரம் வரை தொடாதீர்கள்.

சில்லி பவுடர் என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே அந்தப் பெயரில் விற்பது வெறும் மிளகாய்த்தூள் இல்லை. ஆஞ்சோ மாதிரி காரம் குறைந்த காய்ந்த மிளகாயோடு சீரகம், பூண்டுப்பொடி, ஓரிகானோ எல்லாம் கலந்த தூள். நான் வந்த புதிதில் குறிப்பில் ஆறு கரண்டி என்று பார்த்துவிட்டு, இந்தியக் கடையில் வாங்கிய மிளகாய்த்தூளில் ஆறு கரண்டி போட்டேன். அன்று இரவு நானும் அறைத் தோழர்கள் இருவரும் ரொட்டியும் தயிரும் சாப்பிட்டோம்.

தாத்தா சொல்கிற "சூப்பு" வாதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய டெக்சாஸ் சில்லிக்கு உரிய கொழுப்பு என்று பார்த்தால் அது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்பு, இல்லாவிட்டால் உருக்கிய பன்றிக்கொழுப்பு. உப்பும் புகையும் ஏறிய பேக்கன் கொழுப்பு அவரவர் வீட்டு வழக்கம். முன்னாள் அதிபர் லிண்டன் ஜான்சன் வீட்டுச் சில்லிக் குறிப்பு, பெடர்னாலஸ் ஆற்றின் பெயரில், அட்டையில் அச்சடித்துக் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பும் அளவுக்குப் பிரபலம். 1955-இல் அவருக்கு மாரடைப்பு வந்தபின் அந்த மாட்டுக் கொழுப்பையே நிறுத்திவிட்டார்கள். மேலே மிதக்கும் கொழுப்பை வழித்து எடுக்கச் சொல்வதும் அந்தக் குறிப்பிலேயே உண்டு. ஆக, உங்கள் தாத்தா வழித்தது ஊர் வழக்கம்தான். வழிக்க மனசு வரவில்லையென்றால் இறக்குவதற்கு இருபது நிமிடம் முன் ஒரு கைப்பிடி மாசா மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்தின் மாவு அது. குழம்பும் கெட்டியாகும், மிதக்கிற எண்ணெயையும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும்.

பீன்ஸ் பற்றி: 1977-இல் சில்லியை மாநில உணவாக அறிவித்த ஊர் இது. மேற்கு டெக்சாஸில் டெர்லிங்குவா என்ற சிற்றூரில் 1967-இல் தொடங்கிய போட்டியின் வழி வந்த பெரிய போட்டிகளில், பழைய பாணிச் சிவப்புச் சில்லிப் பிரிவுக்குள் பீன்ஸ் போட்ட சட்டி போகவே முடியாது. அலுவலகத்தில் போட்டால் கேலியோடு போகும், அவ்வளவுதான்.

மான்கறி எழுதியது:

கொழுப்பே இல்லாத கறி என்றால் மேலே உள்ள கணக்கெல்லாம் தலைகீழ். எங்கள் வீட்டில் மாட்டுக்கறி கிடையாது. வான்கோழிக் கொத்துக்கறி 93/7 வாங்குவோம், நவம்பர் டிசம்பரில் கணவருடன் வேலை பார்க்கிற வேட்டைக்காரர் மான்கறி அரைத்துக் கொடுப்பார். இரண்டும் எண்ணெயில் செய்தால் மரத்தூள். அதில் பேக்கன் கொழுப்பு போட்டால் வித்தியாசம் அடுப்படியிலேயே தெரியும். வடிக்க ஒன்றும் இல்லாததால் போட்டது அப்படியே உள்ளே தங்குகிறது. தீ மட்டும் நடுத்தரம்.

இன்னொரு யோசனை, கொத்துக்கறியை விட்டுவிட்டுத் தோள்பட்டைக் கறியை அரை அங்குலத் துண்டாக வெட்டிப் போடுங்கள். மூன்று மணி நேரம் ஆகும், ஆனால் போட்டியில் அதற்குத்தான் மரியாதை.

கேட்டுச்சாப்பிடு எழுதியது:

யாரும் கேட்காத கேள்வி: அலுவலகத்தில் பன்றி சாப்பிடாதவர்கள் எத்தனை பேர்? எங்கள் இடத்தில் போன வருடம் ஒருவர் "மாட்டுச் சில்லி" என்று மட்டும் எழுதி வைத்தார். ஒரு முஸ்லிம் நண்பர் அரைக் கிண்ணம் சாப்பிட்ட பிறகுதான் உள்ளே பேக்கன் கொழுப்பு இருப்பது பேச்சில் வெளியே வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான், எனக்கே சங்கடமாகிவிட்டது. சட்டியில் துண்டாகத் தெரிந்தால் பார்த்து ஒதுங்கிவிடலாம், உருகிப்போன கொழுப்பை யார் பார்ப்பது? போடுவதானால் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

இரும்புச்சட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டப்பாவின் அடியைக் கிளறினேன். சான்அன்டோனியோ அண்ணன் சொன்ன அதே பழுப்புப் பொடி, ஒரு கரண்டிக்கு மேல் இருந்தது. வடிகட்டியபின் கொழுப்பு தேங்காய் எண்ணெய் உறைந்த மாதிரி வெளுத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை ராத்திரி இரண்டு சின்னச் சட்டி வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு பவுண்டு தோள்பட்டைக் கறி, ஒரே சில்லி பவுடர், ஒரே அளவு தக்காளி. ஒன்றில் வெங்காயத்தை எண்ணெயில் வதக்கினேன், இன்னொன்றில் பேக்கன் கொழுப்பில். சில்லி பவுடர் விழுந்த நிமிடத்தில் பேக்கன் சட்டியிலிருந்து வந்த வாசனைக்கு மாடியிலிருந்த பையன் இறங்கி வந்துவிட்டான். எண்ணெய்ச் சட்டிக்கு வரவில்லை. ஆனால் மூன்று மணி நேரம் கொதித்தபின் வித்தியாசம் பாதியாகக் குறைந்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும். எது எது என்று சொல்லாமல் மனைவிக்குக் கொடுத்தேன். ஒன்றை ருசித்துவிட்டு "இது நல்லா இருக்கு" என்றாள். மற்றதை ருசித்துவிட்டு, "இதில் யாரோ விறகடுப்பு மூட்டியிருக்காங்க" என்றாள். பேக்கன்தான். எது பிடித்தது என்று கேட்டதற்கு, சோற்றுக்கு முதலாவது, ரொட்டிக்கு இரண்டாவது என்று தீர்ப்பு.

மறுநாள் குளிர்பெட்டியில் பார்த்தால் இரண்டின் மேலும் செம்மஞ்சள் மூடி மாதிரிக் கொழுப்பு உறைந்திருந்தது. கரண்டி நுனியால் நெம்பினால் தட்டாகப் பெயர்ந்து வருகிறது. தாத்தா மாதிரி வழிப்பதைவிட இது சுலபம். முழுவதையும் எறிய மனசு வரவில்லை, கால்வாசியை விட்டுவைத்தேன்.

கேட்டுச்சாப்பிடு சொன்னதற்குப் பிறகு அலுவலகச் சட்டியில் பேக்கன் போடவில்லை. எங்கள் குழுவிலேயே மூன்று பேர் பன்றி தொடமாட்டார்கள். புகை வாசனைக்குச் சிப்போட்லே இரண்டு போட்டேன், புகையில் உலர்த்திய ஹாலபீன்யோ மிளகாய்தானே அது. தாளிப்பு கடலை எண்ணெயில். பேக்கன் கொழுப்பைச் சோள ரொட்டிக்கு வைத்துக்கொண்டேன்: இரும்புச்சட்டியை அடுப்பில் காயவைத்து, இரண்டு கரண்டி கொழுப்பை விட்டு, மாவை ஊற்றினால் ஓரம் முறுக்கு மாதிரி மொறுமொறுவென்று வருகிறது. இன்னொரு தட்டு வெண்ணெயில். இரண்டுக்கும் தனித்தனிச் சீட்டு எழுதி ஒட்டினேன்.

பதினொரு சட்டியில் மூன்றாவது இடம். முதல் பரிசு பீன்ஸ் போட்ட சட்டிக்கு. அதைச் செய்தவர் ஓஹையோக்காரர்.

தாத்தாவுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்ணெய் என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. காலியான காப்பித்தூள் டப்பாவை வாங்கி உள்ளே பார்த்துவிட்டு, இனி காகிதத்தில் வடிகட்டியே ஊற்றுகிறேன் என்றார்.

புட்டியில் இன்னும் பாதி இருக்கிறது. உருளைக்கிழங்கு வறுவல் யாராவது இதில் செய்து பார்த்திருக்கிறீர்களா?

மதியச்சோறு எழுதியது:

செய்திருக்கிறேன். உப்பைப் பாதியாகக் குறையுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.